விருந்துக்கும் விருந்துக்கும் இடையில்

பண்டிகையும் விடுமுறையும் அடுத்தடுத்து வரும் வாரங்களில் உடற்பயிற்சியையும் உணவு ஒழுங்கையும் கைவிடாமல் காப்பது எப்படி என்று கேட்டு வந்த கடிதங்களுக்கே இந்த இதழின் நலவாழ்வுப் பகுதியை ஒதுக்கியிருக்கிறோம். ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்த இடங்களில் கடிதங்களைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஆண்டு முழுவதும் வாரத்துக்கு ஐந்து நாள் நடக்கிறேன், எண்ணெயும் இனிப்பும் அளவோடுதான். பண்டிகைக் காலம் தொடங்கியதும் எல்லாம் தலைகீழாகி விடுகிறது. போன முறை ஒரே வாரத்தில் எடை இரண்டரைக் கிலோ ஏறியது. "இனி எதற்கு, எல்லாம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிட்டேன். மீண்டும் நடக்கத் தொடங்க மூன்று மாதம் ஆயிற்று. இந்த முறை முன்கூட்டியே எல்லாவற்றையும் நிறுத்தி வைத்துவிட்டு, கொண்டாட்டமெல்லாம் ஓய்ந்ததும் புதிதாகத் தொடங்கிவிடலாமா?
— 38 வயது வாசகி

பதில்: முதலில் அந்த இரண்டரைக் கிலோவைப் பார்ப்போம். ஒரு கிலோ உடற்கொழுப்பு சேர வேண்டுமானால், உடலின் தேவைக்கு மேல் ஏறத்தாழ 7,700 கிலோ கலோரி உள்ளே போயிருக்க வேண்டும். அந்தக் கணக்கில் இரண்டரைக் கிலோ கொழுப்பு ஒரே வாரத்தில் சேர, உங்கள் வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் நாளொன்றுக்கு 2,750 கிலோ கலோரி, அதாவது இன்னொருவரின் முழு நாள் உணவையும் சேர்த்து, ஏழு நாளும் உண்டிருக்க வேண்டும். அப்படி உண்டிருக்க மாட்டீர்கள். மாவும் சர்க்கரையும் மிகும்போது தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் என்ற சேமிப்பு மாவுச்சத்து கூடுகிறது. அதன் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் நீரைத் தன்னோடு பிடித்துவைக்கிறது. உப்பு கூடினாலும் உடல் நீரைத் தேக்குகிறது. இவற்றோடு குடலில் இருக்கும் உணவின் எடையும் சேரும். நீங்கள் கண்ட ஏற்றத்தில் பெரும்பகுதி இதுதான்; வழக்கமான உணவுக்குத் திரும்பிய சில நாள்களில் அது தானே இறங்கிவிடும்.

உண்மையில் சேரும் கொழுப்பு எவ்வளவு? அமெரிக்காவில் 195 பெரியவர்களை ஆண்டிறுதி விடுமுறைக் காலத்தில் எடைபோட்டுத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2000ஆம் ஆண்டு வெளியானது. அவர்களின் எடை சராசரியாக 0.37 கிலோ மட்டுமே ஏறியிருந்தது. தங்களுக்கு ஏறியிருக்கும் என்று அவர்கள் நினைத்த அளவோ அதைப்போலப் பல மடங்கு. ஆனால், ஆறுதல் தரும் இந்த முடிவுக்குள் ஒரு எச்சரிக்கையும் இருந்தது. ஏறிய அந்தச் சிறு எடை, பிறகு வந்த மாதங்களில் பெரும்பாலும் இறங்கவில்லை. ஆண்டுக்கு அரைக் கிலோ என்பது கண்ணுக்குத் தெரியாத அளவு. பத்து, பதினைந்து ஆண்டுகள் அப்படியே தங்கிச் சேரும்போதுதான் உடைகள் வழியாக நமக்குச் செய்தி வருகிறது.

ஆகவே உங்களுக்குத் தீங்கு செய்தது விருந்து நடந்த அந்த ஒரு வாரம் அல்ல. அதற்குப் பின் நடக்காமல் போன மூன்று மாதம்தான். "ஏற்கெனவே கெட்டுப்போயிற்று, இனி எவ்வளவு கெட்டால் என்ன" என்ற இந்த மனநிலை உளவியலாளர்களுக்கு மிகவும் அறிமுகமானது. பீட்டர் ஹெர்மன், ஜேனட் போலிவி என்ற இரு ஆய்வாளர்கள் 1970களிலிருந்தே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். உணவைக் கடுமையாகக் கட்டுப்படுத்தி வருபவர்களுக்கு முதலில் ஒரு கோப்பை மில்க்‌ஷேக் கொடுத்துவிட்டு, பிறகு ஐஸ்கிரீமை வேண்டிய மட்டும் உண்ணலாம் என்று விட்டபோது, மில்க்‌ஷேக் குடிக்காதவர்களைவிடக் குடித்தவர்களே அதிகம் உண்டார்கள். விதி ஒருமுறை உடைந்ததும் அன்றைய கட்டுப்பாடு முழுவதையும் கைகழுவிவிட்டார்கள். உங்கள் திட்டமோ, விதி உடைவதற்கு முன்பே அதைக் கைகழுவுவது.

அதற்கு மாற்றாக ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு வாரப் பண்டிகைக் காலத்தில் நாளுக்கு மூன்று வேளை என்றால் 84 வேளை உணவு. இவற்றில் உண்மையான விருந்துகள் எத்தனை? உறவும் நட்பும் மிகுந்த வீட்டில்கூட எட்டு, பத்துக்கு மேல் இராது. எஞ்சிய எழுபத்துச் சொச்சம் வேளைகளும் எந்த மாதத்திலும் வரும் சாதாரண வேளைகளே. அவற்றைத்தான் நாம் இழக்கிறோம். டப்பாவில் மீந்த இனிப்பு காலை உணவாகிறது, அலுவலக மேசையில் யாரோ வைத்த பலகாரம் மதிய உணவுக்கு முன்பே வாய்க்குள் போகிறது, களைப்பு காரணமாக இரவுச் சாப்பாடு கடையிலிருந்து வருகிறது. நாள்காட்டியில் விருந்துகளை இப்போதே குறித்துவிடுங்கள். அந்த வேளைகளில் விரும்பியதை மகிழ்ச்சியாக உண்ணுங்கள். குறிக்கப்படாத வேளைகளை மட்டும் வழக்கமான உணவாகவே வைத்துக்கொள்ளுங்கள். காய்கறியும் பழமும் சேர்ந்து நாளுக்கு 400 கிராம் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவை அந்த வேளைகளில்தான் எட்ட முடியும். நடையை ஐந்து நாளிலிருந்து மூன்று நாளாகக் குறைத்துக்கொள்ளலாம். குறைக்கலாம், நிறுத்த வேண்டாம்.

கேள்வி: ஓராண்டாக உடற்பயிற்சிக்கூடத்தில் எடை தூக்கிப் பயிற்சி செய்கிறேன். அடுத்த மாதம் மூன்று வாரம் உறவினர் வீட்டில் தங்க வேண்டும். அருகில் கூடம் எதுவும் இல்லை. சேர்த்த தசையெல்லாம் கரைந்துவிடுமோ என்று கவலையாக இருக்கிறது.
— 27 வயது வாசகர்

பதில்: மூன்று வாரத்தில் அப்படி எதுவும் கரைந்துவிடாது. கடினமாக எட்டிய நிலையைத் தக்கவைத்துக்கொள்ள, அதை எட்டுவதற்குத் தேவைப்பட்டதில் ஒரு சிறு பங்கு உழைப்பே போதும் என்பது உடற்பயிற்சி அறிவியலில் நன்கு நிறுவப்பட்ட செய்தி. ராபர்ட் ஹிக்சன் என்ற ஆய்வாளர் 1980களில், வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு 40 நிமிடம் கடுமையாகப் பயிற்சி செய்தவர்களைப் பத்து வாரத்துக்குப் பிறகு இரண்டே நாளுக்குக் குறைக்கச் சொன்னார். பதினைந்து வாரம் கழிந்த பின்னும் அவர்களின் உச்ச ஆக்சிஜன் பயன்பாட்டுத் திறன் குறையவில்லை. வேறொரு குழுவில் நாள்களைக் குறைக்காமல் நேரத்தை மட்டும் 13 நிமிடமாகக் குறைத்தபோதும் அத்திறன் நிலைத்தது. ஆனால் பயிற்சியின் தீவிரத்தைக் குறைத்தபோது திறன் சரிந்தது. நேரத்தைக் குறைப்பதை உடல் பொறுத்துக்கொள்கிறது. தீவிரத்தைக் குறைப்பதை அது பொறுப்பதில்லை.

தசைக்கும் இதே போக்குதான். 2011இல் வெளியான ஓர் ஆய்வில், பதினாறு வாரம் எடைப்பயிற்சி செய்த இளைஞர்கள் அதன் ஒன்பதில் ஒரு பங்கை மட்டும், அதாவது வாரத்துக்கு மூன்று நாளுக்குப் பதில் ஒரே நாள், அதிலும் சுற்றுகளை மூன்றில் ஒன்றாகக் குறைத்து, தொடர்ந்து செய்து, 32 வாரம் தசையின் அளவைக் காத்துக்கொண்டார்கள். அதே ஆய்வில் அறுபதைக் கடந்தவர்களுக்கு அந்த அளவு போதவில்லை என்பதை மூத்த வாசகர்கள் கவனிக்க வேண்டும். அவர்கள் வாரத்துக்கு இரண்டு, மூன்று நாளாவது தசைப்பயிற்சியை விடாமல் வைத்துக்கொள்வது நல்லது.

உங்களுக்கு வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு 25 நிமிடம் போதும். தண்டால், பஸ்கி, ஒரு காலை முன்வைத்து இறங்கி எழுதல், பிளாங்க் (முன்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடலை நேராகத் தாங்கி நிற்றல்), புத்தகம் நிரப்பிய தோள்பையைக் குனிந்து இழுத்தல் ஆகியவை உடலின் பெரிய தசைத்தொகுதிகள் அனைத்தையும் வேலை வாங்கிவிடும். இன்னும் இரண்டு முறைதான் செய்ய முடியும் என்று தோன்றும் நிலைவரை ஒவ்வொன்றையும் செய்யுங்கள். எளிதாக இருந்தால் இறங்கும் வேகத்தைக் குறையுங்கள். பிறர் வீட்டில் நேரம் நம் கையில் இருப்பதில்லை. எல்லோரும் எழுவதற்கு முன் முடித்துவிடுவதே பெரும்பாலும் நடைமுறைக்கு ஒத்து வருகிறது. மாலையில் செய்வேன் என்று ஒத்திவைத்த பயிற்சி, விருந்தினர் வந்த வீட்டில் நடந்தேறுவது அரிது.

கேள்வி: ஒரு துண்டு இனிப்பு சாப்பிட்டால் எவ்வளவு நேரம் நடக்க வேண்டும்?
— ஒரு வாசகர்

பதில்: எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் ஏறத்தாழ 150 கிலோ கலோரி செலவாகும். எண்ணெயும் சர்க்கரையும் செறிந்த 50 கிராம் இனிப்பு ஒன்றில் 200 கிலோ கலோரிக்கு மேல் இருக்கலாம். ஆகவே விடை முக்கால் மணி நேரம் என்று வரும். எடுத்துக்கொள்ளும் முன் இந்தக் கணக்கை அறிந்திருப்பது அளவைத் தீர்மானிக்க உதவும். உண்ட பிறகு அபராதம் கட்டுவதுபோல் நடக்கத் தொடங்கினால், நாளடைவில் நடையே தண்டனையாகத் தோன்றிவிடும். தண்டனையாகத் தோன்றும் எதையும் யாரும் நெடுநாள் தொடர்வதில்லை. நடை இரத்த அழுத்தத்துக்கும் தூக்கத்துக்கும் மனத்துக்கும் நல்லது. இனிப்பு உண்டாலும் உண்ணாவிட்டாலும் அது அன்றைய வேலை.

கேள்வி: மாமியார் வீட்டுக்கும் அம்மா வீட்டுக்கும் பெரியம்மா வீட்டுக்கும் மாறி மாறிப் போகிறோம். எங்கும் "இன்னும் கொஞ்சம்" என்று வைக்கிறார்கள். மறுத்தால் முகம் வாடுகிறது. "டயட்டா?" என்று கேட்டுச் சிரிப்பவர்களும் உண்டு. யாரையும் புண்படுத்தாமல் எப்படித் தப்பிப்பது?
— திருமணமாகி இரண்டு ஆண்டான வாசகி

பதில்: பரிமாறுபவர் உங்கள் வயிற்றை நிரப்ப முயலவில்லை, தன் உழைப்புக்கு ஒரு சாட்சி தேடுகிறார். அதை முதலிலேயே கொடுத்துவிட்டால் வற்புறுத்தல் பெரும்பாலும் அடங்கிவிடும். அவர் சிறப்பாகச் செய்யும் பண்டம் எதுவென்று உங்களுக்குத் தெரியும். அதைக் கேட்டு வாங்கி, சிறிதளவே ஆனாலும் ரசித்து உண்டு, எப்படிச் செய்தீர்கள் அத்தை என்று நாலு வார்த்தை கேளுங்கள். அதற்குப் பின் சொல்லும் "போதும்" என்ற சொல்லை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. உட்கார்ந்தவுடனே சொல்லும் "வேண்டாம்" என்ற சொல்தான் குத்துகிறது.

தட்டு காலியாக இருந்தால் நிரம்பும் என்பதால் மெதுவாக உண்ணுங்கள். எல்லோரும் எழும்வரை உங்கள் தட்டில் ஏதாவது இருக்கட்டும். முடிந்தால் பரிமாறும் வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தட்டின் அளவு உங்கள் கையிலேயே இருக்கும். ஓடியாடி வேலை செய்யும் மருமகளைப் பார்த்து யாரும் குறைவாகச் சாப்பிட்டாள் என்று சொல்வதில்லை. டயட்டில் இருக்கிறேன் என்று மட்டும் சபையில் அறிவிக்காதீர்கள். அந்த ஒரு சொல் உங்கள் தட்டை எல்லோருடைய விவாதப் பொருளாக்கிவிடும். நீரிழிவோ ஒவ்வாமையோ இருந்தால் அதைத் தயங்காமல் சொல்லலாம், அது வேறு.

விருந்தில் அதிகம் உண்ண வைப்பது வற்புறுத்தல் மட்டுமல்ல, வகைகளின் எண்ணிக்கையும்தான். ஒரே சுவையைத் தொடர்ந்து உண்ணும்போது அதன் மேல் உள்ள விருப்பம் குறைந்துவிடுகிறது. புதிய சுவை வந்ததும் பசி மீண்டும் எழுவதுபோல் தோன்றுகிறது. வயிறு நிறைந்த பின்னும் இனிப்புக்கு இடம் இருப்பது இதனால்தான். எல்லாவற்றிலும் சிறிது என்பது கேட்க அடக்கமாக இருந்தாலும் முடிவில் அளவு மீறிவிடும். வேறெங்கும் கிடைக்காத இரண்டு, மூன்று பண்டங்களைத் தேர்ந்தெடுத்து அவற்றை நிறைவாக உண்டுவிட்டு, எந்தக் கடையிலும் எந்நாளும் கிடைப்பதை விட்டுவிடுங்கள்.

பானங்களைப் பற்றியும் ஒரு சொல். உணவில் சேர்க்கும் சர்க்கரை, மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதும், 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பதும் உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்; 2,000 கிலோ கலோரி உண்பவருக்கு அவை முறையே 50 கிராமும் 25 கிராமும் ஆகும். 330 மில்லி கோலா பானம் ஒன்றிலேயே ஏறத்தாழ 35 கிராம் சர்க்கரை இருக்கிறது. அது பசியையும் ஆற்றுவதில்லை. நீங்கள் தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குடித்தால் எந்த வீட்டிலும் யாருக்கும் மனத்தாங்கல் வராது.

கேள்வி: எனக்கு வயது 61. பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவு. மாத்திரையும் இரவில் இன்சுலினும் உண்டு. இரவு விருந்து இருக்கும் நாளில் மதியம் சாப்பிடாமல் இருந்து சரிக்கட்டிவிடலாம் என்று நண்பர் சொல்கிறார். செய்யலாமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர்

பதில்: செய்யக் கூடாது. இன்சுலினோ, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் வகை மாத்திரையோ எடுத்துக்கொள்பவர் உணவைத் தவிர்த்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, மனக்குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். அவை தென்பட்டால் உடனே 15 கிராம் அளவுக்குச் சர்க்கரையோ குளுக்கோஸோ எடுத்துக்கொண்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். இறங்கியே இருந்தால் அதையே திரும்பச் செய்ய வேண்டும். அருகில் இருப்பவருக்கும் இது தெரிந்திருக்கட்டும். மருந்தின் அளவை நீங்களாகக் கூட்டுவதும் குறைப்பதும் வேண்டாம். பண்டிகைக் காலம் தொடங்கும் முன் ஒருமுறை உங்கள் மருத்துவரைப் பார்த்து, உணவு நேரம் தள்ளிப்போகும் நாள்களில் என்ன செய்வது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நீரிழிவு இல்லாதவருக்கும் பட்டினி கிடந்து விருந்துக்குப் போவது பலன் தருவதில்லை. கடும்பசியோடு உட்காருபவர் வேகமாக உண்பார். நிறைவு உணர்வு மூளைக்கு எட்ட நேரம் பிடிக்கும் என்பதால் அதற்குள் அளவு கடந்துவிடும்.

விருந்தின்போது உங்களுக்கு உதவக்கூடியவை இரண்டு. முதலாவது, உண்ணும் வரிசை. காய்கறியையும் பருப்பு, முட்டை, மீன் போன்ற புரத உணவையும் முதலில் உண்டு, மாவுச்சத்தைப் பிறகு உண்டால், அதே உணவை வேறு வரிசையில் உண்பதைவிடச் சர்க்கரை ஏற்றம் குறைவாக இருப்பது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. இனிப்பு உண்பதானால் அதை இந்த உணவின் கடைசியில், சிறிய அளவில் வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் வெறும் வயிற்றில் தனியாக உண்பதைவிட அது மேல். இரண்டாவது, உண்ட பின் நடை. அறுபதைக் கடந்தவர்களிடம் நடத்தி 2013இல் வெளியான ஓர் ஆய்வில், ஒவ்வொரு உணவுக்குப் பின்னும் 15 நிமிடம் நடப்பது, இரவு உணவுக்குப் பிந்தைய சர்க்கரையைக் குறைப்பதில், நாளில் ஒரே தடவையாக 45 நிமிடம் நடப்பதைவிட நன்றாகப் பலன் தந்தது. விருந்து முடிந்ததும் நீங்கள் எழுந்து நடந்தால் உடன் வர ஒருவராவது கிடைப்பார்.

கேள்வி: எங்கள் வீட்டில் பண்டிகைச் சமையல் முழுவதும் என் தலையில்தான். நாள் முழுவதும் ருசி பார்ப்பதாக ஏதாவது வாயில் போட்டபடியே இருக்கிறேன். உட்கார்ந்து சாப்பிடும் நேரத்தில் பசி இல்லை; எல்லோரும் படுத்த பிறகு பதினோரு மணிக்கு மீந்ததை எடுத்துச் சாப்பிடுகிறேன். நாலைந்து மணி நேரம்தான் தூங்குகிறேன். இதில் உடற்பயிற்சிக்கு எங்கே போவது?
— 45 வயது இல்லத்தரசி

பதில்: உங்கள் கடிதத்தில் முதலில் சரிசெய்ய வேண்டியது தூக்கம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் நடந்து 2004இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஆரோக்கியமான இளம் ஆண்கள் பன்னிரண்டு பேர் இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே தூங்க அனுமதிக்கப்பட்டார்கள். நிறைவு உணர்வைத் தரும் லெப்டின் என்ற ஹார்மோன் அவர்களுக்கு 18 விழுக்காடு குறைந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் 28 விழுக்காடு கூடியது. இனிப்பு, உப்பு, மாவுப் பண்டங்களின் மேல் ஆசையும் ஏறியது. இரவு பதினோரு மணிக்கு உங்களை அடுப்படிக்கு இழுப்பது மன உறுதியின் குறை அல்ல. தூக்கமும் சாப்பாடும் மறுக்கப்பட்ட உடல் தன் பங்கைக் கேட்கிறது.

சமையலைத் தொடங்கும் முன் உட்கார்ந்து ஒரு வேளை முழுமையாகச் சாப்பிட்டுவிடுங்கள். பசியோடு சமைப்பவருக்கு ருசி பார்த்தல் என்பது சாப்பாடாகவே மாறிவிடும். உப்புக்கும் காரத்துக்கும் ஒரு சிறு கரண்டி நுனி போதும். மீந்ததை, விருந்தினர் கிளம்பும்போதே பங்கிட்டுக் கொடுத்துவிடுங்கள். எஞ்சுவதை ஒரு வேளைக்குரிய அளவாகப் பிரித்துக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதியும்கூட. திறந்த பாத்திரத்தில் கண்ணெதிரே இருப்பதுதான் வாய்க்குப் போகிறது.

உடற்பயிற்சிக்குத் தனியாக ஒரு மணி நேரம் தேடாதீர்கள். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு என்று சொல்லும் உலகச் சுகாதார நிறுவனம், ஒவ்வொரு தடவையும் குறைந்தது பத்து நிமிடமாவது இருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையை 2020ஆம் ஆண்டின் வழிகாட்டுதலில் கைவிட்டுவிட்டது. எட்டு நிமிடம் மூன்று தடவை நடந்தாலும் கணக்கில் சேரும். ஆனால் அடுப்பின் முன் நிற்பதை அதில் சேர்க்காதீர்கள். அது கால்களைக் களைப்பாக்குமே தவிர மூச்சை வேகப்படுத்தாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இருபது பேர் உண்ணும் விருந்தை ஒருவர் சமைத்துக் கழுவித் துடைத்து முடிக்கும் வரை, மேலே சொன்ன எதுவும் உங்களுக்கு முழுமையாகக் கைகூடாது. உங்கள் உடல்நலத்துக்கு உண்மையில் தேவைப்படுவது காய் நறுக்க ஒருவர், பாத்திரம் கழுவ ஒருவர். இந்தப் பக்கத்தை வீட்டிலுள்ள மற்றவர்கள் கண்ணில் படும்படி வைத்துவிடுங்கள்.

கேள்வி: பண்டிகைக் காலம் முடிந்ததும் மூன்று நாள் பழச்சாறு மட்டும் குடித்து உடலிலுள்ள நச்சை வெளியேற்றலாமா?
— ஒரு வாசகி

பதில்: தேவையில்லை. அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகங்களும் இடைவிடாமல் செய்துகொண்டிருக்கின்றன. சாற்றில் நார்ச்சத்து போய்விடுகிறது, சர்க்கரை தங்குகிறது. பழத்தைப் பழமாக உண்ணுங்கள்.

கேள்வி: விடுமுறையில் தினமும் எடை பார்ப்பது நல்லதா, அல்லது கருவியைப் பரண்மேல் போட்டுவிடலாமா?
— 33 வயது வாசகர்

பதில்: பார்ப்பது நல்லது; தினமும் வேண்டியதில்லை. பிரிட்டனில் 272 பேரிடம் நடத்தி 2018இல் வெளியான ஆய்வில், ஒரு குழுவினரை வாரத்துக்கு இரண்டு முறையாவது எடை பார்த்துக் குறிக்கச் சொல்லி, சில எளிய குறிப்புகளையும் தந்தார்கள். பண்டிகைக் காலத்தின் முடிவில் அந்தக் குழுவின் எடை மற்றக் குழுவைவிடச் சராசரியாக அரைக் கிலோ அளவுக்குக் குறைவாக இருந்தது. சிறிய வேறுபாடுதான் என்றாலும், முன்பு சொன்னபடி இந்தக் காலத்தில் சேர்வதே ஏறத்தாழ அவ்வளவுதான் என்பதால் அது போதுமானது. காலையில், கழிவறைக்குப் போய்வந்த பின், எதுவும் உண்ணும் முன் பாருங்கள். விருந்துக்கு மறுநாள் காலை மட்டும் பார்க்காதீர்கள். அன்று கருவி காட்டுவது பெரும்பாலும் உப்பும் நீரும். எண்ணைப் பார்த்ததும் அன்றைய மனநிலையே கெட்டுவிடும் என்றால், இடுப்புப் பட்டையின் துளையே போதும்.

கேள்வி: என் மகளுக்கு வயது 15. ஒவ்வொரு விருந்துக்கும் மறுநாள் "நேற்று அதிகம் சாப்பிட்டேன்" என்று பட்டினி கிடக்கிறாள். மாலையில் அறையைச் சாத்திக்கொண்டு மணிக்கணக்காகக் குதிக்கிறாள். ஒழுக்கமான பெண் என்று உறவினர் பாராட்டுகிறார்கள். எனக்கு ஏனோ நெருடுகிறது.
— ஒரு தாய்

பதில்: உங்கள் நெருடலை நம்புங்கள். உண்டதற்காகத் தன்னைத் தண்டித்துக்கொள்வது ஒழுக்கம் அல்ல; உணவுக் கோளாறுகள் பல இந்த வயதில் இப்படித்தான் தொடங்குகின்றன. வளரும் வயதில் பட்டினி எலும்பையும் மாதவிடாயையும் பாதிக்கும். அவள் எடையைப் பற்றியோ தட்டைப் பற்றியோ, பாராட்டாகக்கூட, யாரும் எதுவும் சொல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் எடையைப் பற்றி நீங்களே சலித்துக்கொள்வதையும் அவள் கேட்கிறாள் என்பதை மறக்க வேண்டாம். விருந்துக்கு மறுநாளும் வழக்கமான நேரத்தில் எல்லோரும் சேர்ந்து உண்ணுங்கள். உண்டவுடன் குளியலறைக்குப் போய்த் தாழிடுவது, எடை விரைவாகக் குறைவது, மாதவிடாய் தவறுவது, மயக்கம் ஆகியவற்றில் ஏதேனும் தென்பட்டால் பண்டிகை முடியட்டும் என்று காத்திராமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மற்ற வாசகர்களுக்கு நான் மேலே சொன்ன எடை பார்த்தலும் கணக்குப் பார்த்தலும் இவளுக்குரியவை அல்ல.

கேள்வி: எவ்வளவு திட்டமிட்டாலும் விடுமுறையில் இரண்டு வாரமாவது பயிற்சி விட்டுப்போகிறது. அதற்குப் பிறகு முதல் நாள் காலணியை மாட்டுவதுதான் பெரும்பாடு. பழக்கம் அறுந்துவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?
— 52 வயது வாசகர்

பதில்: வேண்டியதில்லை. பழக்கம் எப்படி உருவாகிறது என்பதை லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பிலிப்பா லாலியும் உடனாய்வாளர்களும் 96 பேரிடம் ஆராய்ந்தார்கள். ஒரு செயல் தன்னியல்பாக வருவதற்கு இடைநிலையாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளே போதுமாக இருந்தது, சிலருக்கு 254 நாள்வரை தேவைப்படும் என்று கணிக்கப்பட்டது. உங்களுக்குப் பயன்படும் செய்தி அதே ஆய்வில் உள்ள வேறொன்று: இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கவில்லை. இரண்டு வாரம் என்பது ஒரு நாளைவிடப் பெரிய இடைவெளிதான். ஆனாலும் ஆண்டுக்கணக்கில் நடந்தவரின் கால்கள் அந்த நேரத்தையும் பாதையையும் மறந்துவிடுவதில்லை.

பெரும்பாடு முதல் நாளில் இருப்பதால் அதை முன்கூட்டியே சிறிதாக்கிவிடுங்கள். ஊர் திரும்பும் நாளையோ விருந்தினர் கிளம்பும் நாளையோ இப்போதே குறித்து, "அதற்கு மறுநாள் காலை பல் துலக்கியதும் காலணி மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் நடப்பேன்" என்று எழுதிவையுங்கள். எப்போது, எதற்குப் பின், எங்கே என்று குறித்துக்கொள்பவர்கள், வெறுமனே செய்ய வேண்டும் என்று நினைப்பவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்பது உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களிலிருந்து பலமுறை காட்டியது. முந்தின நாளே காய்கறி வாங்கிவைத்துவிடுங்கள். வெறும் அடுப்படிக்குத் திரும்புபவர்தான் மீந்த பலகார டப்பாவைத் திறக்கிறார்.

முதல் வாரத்தில் பழைய அளவில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் செய்யுங்கள். இரண்டு வாரத்தில் இரத்தத்தின் நீர்மப் பகுதி சற்றுக் குறைந்திருக்கும் என்பதால் மூச்சு வழக்கத்தைவிட விரைவாக வாங்கும். தொடர்ந்தால் சில நாள்களில் சரியாகிவிடும். தசை வலி இரண்டு, மூன்று நாள் இருக்கலாம். நெஞ்சில் அழுத்தமோ, தாடைக்கும் கைக்கும் பரவும் வலியோ, தலைசுற்றலோ வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு உடனே மருத்துவ உதவியை நாடுங்கள். விட்டுப்போனதை ஈடுகட்டுவதாக ஒரே நாளில் இரட்டிப்பாகச் செய்பவர்கள் மூன்றாம் நாள் முழங்கால் வலியோடு எழுதுகிறார்கள். அந்தக் கடிதங்கள் அடுத்த மாதம் வரும்.